பூ வடிவம் யாருக்குச் சொந்தம்?

கைவினையில் ஈடுபாடுள்ள பெற்றோரும் ஆசிரியரும் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. விலைக்கு வாங்கிய பூத்தையல் நூலிலுள்ள மாதிரியைப் படமெடுத்துப் புலனக் குழுவில் பகிரலாமா? ஒருவர் பின்னிய பையின் படத்தை நாம் எடுத்தாளலாமா? நம்மவரிடையே இவ்வுரிமையைக் காப்புரிமை என்று சொல்லும் வழக்கமும் உண்டு. கண்டுபிடிப்புக்கு உரியது காப்புரிமை. எழுத்துக்கும் ஓவியத்திற்கும் உரியது பதிப்புரிமை. சொல் குழம்பினால் பொருளும் குழம்பும். இவ்வையத்திற்கு விடை தேடுமுன் இவ்வுரிமை பிறந்த கதையைச் சற்றே பார்ப்போம். நம் முன்னோருக்கும் அக்கதையில் பங்குண்டு.

ஐரோப்பாவில் 1520களில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் பூத்தையலுக்கான மாதிரி நூல்கள் அச்சாகத் தொடங்கின. பார்த்துத் தைப்பதற்கென்றே அவை வெளியிடப்பட்டன. வாங்கியவர்கள் ஏட்டைக் கிழித்துத் துணிமேல் வைத்து, கோட்டின் வழியே ஊசியால் துளையிட்டுக் கரித்தூளைத் தட்டி வடிவத்தைப் பதித்துக் கொண்டனர். இதனாலேயே அந்நூல்களில் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. ஒரு பதிப்பாளரின் மாதிரியை இன்னொருவர் எடுத்து வெளியிடுவதும் அன்று இயல்பாக நடந்தது.

ஊசித்துளையும் கரித்தூளும் சோழமண்டலக் கரையின் துணி ஓவியர்களும் கையாண்ட முறையே. அவர்கள் சாயவேரால் சிவப்பேற்றிய சீட்டித் துணிகள் எத்தனை முறை வெளுத்தாலும் நிறம் மங்காதவை. வண்ணம் நூலிழையைப் பற்றிக்கொள்ளப் படிகாரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே சோழமண்டலத் துணிகள் மலாக்காத் துறைமுகத்தில் பெரும் வணிகப் பொருளாக இருந்தன. தென்கிழக்காசிய மக்களின் விருப்பத்திற்கேற்ப வடிவங்களை மாற்றித் தரவும் அவ்வோவியர்கள் அறிந்திருந்தனர். பின்னர் ஐரோப்பிய வணிகர்களும் தங்கள் நாட்டு மாதிரிகளை அனுப்பி வரையச் செய்தனர்.

இத்துணிகளின் வரவால் உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் பாதிப்படைந்து முறையிட்டதன் பேரில், இங்கிலாந்து 1701இல் ஓவியத் துணி இறக்குமதியைத் தடுத்தது. 1721இல் இயற்றிய சட்டத்தால் பூ அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே தடை செய்தது. அத்தடை 1774இல்தான் நீங்கியது. இதற்கிடையே ஐரோப்பியர் அக்கலையைக் கற்றுக்கொள்ள முயன்று வந்தனர். சோழமண்டலக் கரையில் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் கூர்டூ, துணி ஓவியர்களிடம் கேட்டறிந்த சாயமேற்றும் முறைகளைப் படிப்படியாக விளக்கி 1742இல் ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதம் ஐரோப்பாவில் அச்சாகிப் பலராலும் படிக்கப்பட்டது.

புத்தகங்களுக்கு இங்கிலாந்தில் 1710இலேயே சட்டப் பாதுகாப்புக் கிடைத்துவிட்டது. செதுக்கோவியங்களுக்கு, ஓவியர் ஹோகார்த் முதலானோரின் முயற்சியால் 1735இல் கிடைத்தது. துணியில் அச்சிடும் வடிவத்திற்கோ 1787இல்தான் கிடைத்தது. அதுவும் எவ்வளவு காலத்திற்கு? இரண்டே மாதங்களுக்கு. துணியின் இரு முனைகளிலும் அச்சிட்டவரின் பெயர் இருத்தல் வேண்டும். 1794இல் இக்காலம் மூன்று மாதமாக நீண்டது. வடிவங்களைப் பதிவு செய்யும் முறை 1839இல் வந்தது.

இச்சட்டம் ஓர் இலண்டன் அச்சகத்தாரின் வடிவத்தை இன்னோர் ஆலை முதலாளி உடனே நகலெடுத்து மலிவாக விற்பதைத் தடுக்க வந்தது. அத்தொழிலுக்கே அடிப்படையாக அமைந்த வண்ண முறையையும் கொடிப்பூ வடிவங்களையும் தந்த சோழமண்டலத்து ஓவியர்க்கு அதில் ஒரு வரியும் இல்லை. அவர்களுள் எவருடைய பெயரும் துணியின் முனையில் அச்சிடப்படவில்லை. இதை நான் வெறும் பழங்கதையாகக் கருதவில்லை. மரபாக வரும் கலை எல்லார்க்கும் பொது, அதைப் பார்த்துத் தாளில் புதிதாக வரைந்தவருக்கே உரிமை என்னும் ஏற்பாடு இன்றும் அப்படியே தொடர்கிறது.

மலேசியாவில் நடப்பிலிருப்பது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். ஓவியம், வரைபடம், நிழற்படம் ஆகியவை கலைப்படைப்புகளாகக் காக்கப்படுகின்றன. பதிவு செய்யவேண்டிய கட்டாயமில்லை. போதிய உழைப்புடன் தாமே உருவாக்கி, தாளிலோ கணினியிலோ பதிந்துவிட்டால் உரிமை பிறந்துவிடும். படைப்பாளியின் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டுகளும் அது நீடிக்கும். ஆனால் எண்ணத்திற்கும் செய்முறைக்கும் இப்பாதுகாப்பு இல்லை. ஆகவே சங்கிலித் தையலை எவரும் தமதாக்கிக்கொள்ள முடியாது. அத்தையலைக் கொண்டு ஒருவர் வடிவமைத்த மயிலின் கட்ட வரைபடம் அவருக்கே உரியது.

நம் பள்ளிகளில் தீபாவளி, பொங்கல் விழாக்களை ஒட்டி நடைபெறும் கோலப் போட்டிகளுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். தாயும் பாட்டியும் போட்டு வந்த சிக்குக் கோலத்தை நாமே புள்ளி வைத்து வரைந்து மாணவர்க்குக் கற்பிக்க எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. கோலப் புத்தகத்தின் முன்பக்கத்தில் 'உரிமை பதிப்பாளருக்கே' என்று அச்சிட்டிருந்தாலும், அந்த மரபுக் கோலம் பதிப்பாளருக்குச் சொந்தமாகிவிடாது. எனினும் அப்புத்தகத்தின் பக்கங்களையே ஒளிநகலெடுத்து நாற்பது பெற்றோருக்கு வழங்குவது வேறு. அங்கே நாம் எடுத்துக்கொள்வது இன்னொருவர் வரைந்து தொகுத்த உழைப்பை. கற்பித்தலுக்குச் சட்டம் ஓரளவு இடம் தருவது உண்மையே. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் நிதித்திரட்டுச் சந்தையில் அந்நகல்களை விற்பதற்கு அந்த இடம் போதாது.

படங்களின் நிலை இன்னும் தெளிவானது. ஒருவர் பின்னிய பையை மற்றொருவர் படமெடுத்தால், அப்படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருடையது. படத்தின் மூலையிலுள்ள பெயரை வெட்டிவிட்டுப் பகிரும் பழக்கம் நம்மிடையே பெருகியுள்ளது. இதை ஆசிரியர்களே செய்வது எனக்கு உறுத்தலாகவே உள்ளது. வரைந்தவரின் பெயரைச் சேர்த்தால் அனுமதி பெற்றதாகிவிடும் என்று எண்ணுவோரும் உளர். பெயர் சேர்ப்பது மரியாதை. அனுமதியை வாய் திறந்து கேட்டுத்தான் பெறவேண்டும். கைவினைஞர் பலர் இரண்டு வரி எழுதிக் கேட்டாலே மகிழ்ந்து தந்துவிடுகிறார்கள்.