அரியலும் யவனத் தேறலும்

சங்ககால மது என்றதும் நம் மேடைகளில் யவனர் கப்பல் வந்து நின்றுவிடுகிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில், பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொணர்ந்த தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, அவன் நாள்தோறும் மகிழ்ந்திருக்க வேண்டும் என்கிறார். புதுவைக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்த மத்தியதரைக் கடற்பகுதிச் சாடிகள் இப்பாட்டுக்குக் கண்கூடான துணை. ஆயினும் அம்மது எல்லார்க்கும் எட்டியதன்று. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கையேடான பெரிப்ளூஸ், முசிறிப் பகுதிக்கு வந்த பொருள்களுள் மதுவைச் சிறிதளவென்றே குறிக்கிறது.

எளியோர் இல்லத்தில் இருந்தது எது? கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் விடை இருக்கிறது. வலைஞர் குடியில், குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளையடை கலந்து, இரு பகலும் இரு இரவும் கழியவிட்டு, வாய் திண்ணிய சாடியில் விளைந்ததை விரலால் அலைத்து அரித்தெடுக்கிறார்கள். முளைத்த தானியம் அரிசியின் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும். சர்க்கரை நொதித்து மதுவாகும். இன்றைய பீருக்கும் அடிப்படை இதுவே. சுட்ட மீனோடு அதனைப் பெறுபவர் வழிநடந்து தளர்ந்த பாணர். கவிஞர் கூடிய நம் வட்டம் இந்த விருந்தை மறக்கலாகாது.

அம்மதுவின் பெயர் அரியல். அரித்தெடுப்பது அரியல், பிழிவது பிழி, தெளிந்தது தேறல், அரிசியிற் சமைத்தது தோப்பி. ஒவ்வொரு சொல்லிலும் ஒரு கைத்தொழில் இருக்கிறது. வகுப்பறையிலோ அனைத்துக்கும் 'கள்' என்று ஒரே பொருள் எழுதிக் கடந்துவிடுகிறோம். (நம் அரியலூரை அரியலோடு முடிச்சிட விழையும் நண்பர்களுக்கு ஒரு சொல்: ஒலியொப்புமை மட்டும் சான்றாகாது.)

சுவையினும் கடுப்பையே புலவர் நுட்பமாக அளந்தனர். நாட்பட்ட தேறலுக்கு ஒளவையார் தேளின் கடுப்பை உவமையாக்கினார். சிறுபாணாற்றுப்படையின் நத்தத்தனார் வெகுண்ட பாம்பை நினைத்தார். காய்ச்சி வடிக்காமல் நொதிப்பால் மட்டும் விளையும் மது பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து பங்கு சாராயத்தை ஒட்டி நின்றுவிடும். உவமைகள் அதற்குமேல் சென்றுவிட்டன. யவனர் தேறலுக்கு நக்கீரர் தந்ததோ குளிர்ச்சியும் மணமுமே.

1987 முதல் தமிழகத்தில் கள் இறக்கத் தடை உள்ளது. 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் வசம். பெரம்பலூரில் இருப்பவர் திராட்சை மதுப்புட்டியை வாங்கி வீட்டில் அருந்தலாம். பனங்கள்ளை அவ்வாறு வாங்க இயலாது. குடியின் கேட்டை நான் குறைத்துரைக்கவில்லை. பொருள் போனபின் அதன் பெயர்களும் போகும் என்பதே என் கவலை. நக்கீரர் கடல்கடந்து வந்த மதுவைப் பாடியபோது யவனச் சொல்லைத் தேடவில்லை. தேறல் என்றே அழைத்தார். வந்த பண்டத்துக்கு வைக்கப் பெயர் அன்று நம்மிடம் இருந்தது.