எரிசக்தித் தணிக்கை பிறந்த கதை

நெய்வேலியில் ஒரு யூனிட் மின்சாரம் பிறக்க ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். அது லேசில் கிடைப்பதில்லை. ஒரு டன் எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டும். அடியில் முட்டி நிற்கும் ஊற்று நீரை இரவும் பகலும் இறைக்க வேண்டும். இந்தக் கணக்குத் தெரிந்தவருக்கு, ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடினால் மனசு பதறும்.

1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962இல் மின்சாரம் வந்தது. அன்றைய கவலையெல்லாம் உற்பத்திதான். போய்ச் சேர்ந்த இடத்தில் எவ்வளவு வீணாகிறது என்ற கேள்வி பின்னால்தான் வந்தது.

கேட்க வைத்தது 1973. கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்காக ஏறியது. 1978இல் பெட்ரோலியச் சிக்கனத்துக்கென்றே பி.சி.ஆர்.ஏ. அமைப்பு உருவானது. 2001இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம். 2002 மார்ச் 1 முதல் அதைச் செயல்படுத்த பி.இ.இ. என்னும் தேசிய அமைப்பு. சிமெண்ட், இரும்பு, அலுமினியம் போன்ற பெரிய ஆலைகளுக்கு, எரிசக்தி எங்கே, எவ்வளவு வீணாகிறது என்று அளந்து பார்க்கும் தணிக்கை கடமையானது.

லேத் பட்டறைக்கும் பண்ருட்டி முந்திரி ஆலைக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் தணிக்கை அதிகம் தேவைப்படுவது அங்கேதான் என்பேன். முதலாளி, கணக்குப்பிள்ளை, மெக்கானிக் எல்லாம் ஒருவரே. கரண்ட் பில்லைக் கட்டத்தான் அவருக்கு நேரம் இருக்கிறது, படிக்க இல்லை.

தணிக்கையாளர் என்ன செய்வார்? சாப்பாட்டு நேரத்தில் மிஷின்கள் நின்றதும், கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டுக் காது கொடுப்பார். எங்கோ ‘உஸ்ஸ்’ என்று கேட்கும். குழாய் இணைப்பில் சோப்பு நுரை தடவினால் குமிழி கிளம்பும். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று சுமார் 3 கிலோவாட் தின்னும். பத்து மணி நேரத்துக்கு 30 யூனிட். நெய்வேலிக் கணக்கில் தினம் 30 கிலோ நிலக்கரி, காற்றாகப் போகிறது. அடைக்க ஒரு புதிய கிளிப் போதும்.

சிறு, நடுத்தரத் தொழில்களுக்காகத் தமிழக அரசு ‘பீஸ்’ திட்டம் நடத்துகிறது. தணிக்கைக் கட்டணத்தில் ஒரு பகுதியும், தணிக்கையாளர் சொன்னபடி மாற்றும் இயந்திரத்தின் விலையில் ஒரு பங்கும் மானியம். பட்டறை வைத்திருப்பவர்களே, உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். அதற்கு முன், நாளை மதியம் கம்ப்ரஸரை நிறுத்தாமல் ஐந்து நிமிடம் காது கொடுங்கள்.