கொள்ளிடம் தாண்டி வந்த தாத்தா யார்? தேடலாம் வாங்க!

மீன்சுருட்டியிலிருந்து அணைக்கரை போனா கொள்ளிடத்தை பஸ்ஸிலேயே தாண்டிடலாம். 1701-ல் தஞ்சை மராட்டிய மன்னர் ஷாஜி ஆட்சியில் கத்தோலிக்கர்கள் மீது அடக்குமுறை வந்தபோது, பல குடும்பங்கள் ஊரைவிட்டே கிளம்பின. வடகரையில், அரியலூர் பாளையத்தில் இருந்த ஏலாக்குறிச்சி அடைக்கலம் தேடியவர்களின் ஊரானது. வீரமாமுனிவர் அதற்கு வைத்த பெயர் திருக்காவலூர். கோயில் பெயரே அடைக்கல மாதா!

பிரான்ஸில் 1685-க்குப் பிறகு ஓடிய ஹியூகனாட் புராட்டஸ்டன்டுகளின் வாரிசுகளுக்கு லண்டனில் தனிச் சங்கமே இருக்கு. பழைய தேவாலயப் பதிவேடுகளை அச்சிட்டும் வெச்சிருக்காங்க. (அங்கே துரத்தியது கத்தோலிக்க அரசு; இங்கே துரத்தப்பட்டவங்க கத்தோலிக்கர்கள்!) நமக்கு அப்படி ரெடிமேட் பட்டியல் கிடையாது. பாட்டியிடமிருந்துதான் ஆரம்பிக்கணும்.

பாட்டி சொல்ற பெயர்களைக் குறிச்சுக்கிட்டு, உங்க பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்க. திருவிழா நேரத்துல போகாதீங்க, யாருக்கும் நேரம் இருக்காது. பழைய பக்கங்கள் லத்தீனில் இருந்தா குழம்ப வேண்டாம். பெத்ருஸ் நம்ம ராயப்பன், பவுலுஸ் சின்னப்பன், யோவான்னஸ் அருளப்பன், யோசேப்புஸ் சூசை. இது தெரியாம, தாத்தா பெயர் கண்ணெதிரே இருந்தும் தாண்டிப் போயிடுவோம். ஞானப்பெற்றோர் பெயரையும் எழுதிக்கோங்க. அவங்க பெரும்பாலும் சொந்தக்காரங்கதான்.

அடுத்து திருமணப் பதிவேடு. அதில் மணமக்களின் ஊர் இருக்கும். தென்கரை ஊர் ஒண்ணு வந்தா உடனே துள்ளாதீங்க. பெண் கொடுத்து எடுத்த ஊராகவும் இருக்கலாம். அதே ஊர் ரெண்டு மூணு தலைமுறை முன்னாடியும் வருதான்னு பாருங்க.