வென்றவர் சொல்லும் தோற்றவர் சொல்லும்

ஆங்கிலம் பயிலும் மாணவர்கள் ஒரு பொருளுக்கு இரு சொற்கள் இருக்கக் கண்டால், இரண்டையும் ஒன்றெனவே கொண்டு மனனம் செய்துவிடுகின்றனர். அவற்றிடையே உள்ள வேறுபாட்டை அகராதி காட்டும். அவ்வேறுபாடு நேர்ந்த விதத்தை வரலாற்றிடமே கேட்டறிதல் வேண்டும்.

1066ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், நார்மண்டிக் கோமகனாகிய வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போரில் ஆங்கில மன்னன் ஹாரால்டை வென்றான். அதன்பின் நெடுங்காலம் அரசவையிலும் வழக்கு மன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சிற்று. உழவரோ தம் ஆங்கிலத்தையே பேசிவந்தனர். ஒரே நாட்டில் மேல்தளத்தில் ஒரு மொழி, கீழ்த்தளத்தில் ஒரு மொழி!

உயிருள்ள செம்மறியாடு 'ஷீப்'. அதன் இறைச்சி 'மட்டன்'. முன்னது ஆங்கிலச் சொல், பின்னது பிரெஞ்சிலிருந்து வந்தது. 'ஆக்ஸ்', 'பீஃப்' என்பனவும் அவ்வாறே. மேய்த்தவன் ஆங்கிலேயன், உண்டவன் நார்மானியன் என்று இதற்குக் காரணம் கூறுவர். 1819இல் வெளிவந்த 'ஐவன்ஹோ' புதினத்தில் சர் வால்டர் ஸ்காட் இதனை ஒரு கோமாளியின் வாயிலாகச் சுவைபடச் சொல்லிப் பரப்பினார். கதை அழகியதுதான், ஆனால் அதனை முழுதும் ஏற்க என் மனம் ஒப்பவில்லை. வெற்றிக்கு ஐந்து நூற்றாண்டு கழித்தும் ஷேக்ஸ்பியரின் ஷைலக் 'மட்டன்' என்று ஆட்டையே குறிக்கிறான். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் 'பீவ்ஸ்' என்பது கால்நடையே. ஆகவே, விதை 1066இல் விழுந்தது எனினும், பயிர் மெல்லவே விளைந்தது எனல் பொருந்தும். நம் நாட்டிலோ 'மட்டன்' மேலும் ஓரடி நகர்ந்து வெள்ளாட்டிறைச்சியையும் குறிக்கலாயிற்று!

என் கருத்தில், வென்றவர் மொழியின் வலிமையை இறைச்சிப் பெயர்களினும் தெளிவாகக் காட்டுவன தாழ்வுற்ற சொற்களே. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டூல்' என்பதன் முன்வடிவம் அரியணைக்கும் வழங்கிற்று. பிரெஞ்சிலிருந்து 'சேர்' வந்து அமர்ந்தது. 'ஸ்டூல்' சாய்மானம் இழந்த முக்காலியாயிற்று. 'டூம்' என்பது முன்பு தீர்ப்பு, சட்டம் எனப் பொருள்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட ஆல்பிரெட் மன்னனின் சட்டத் தொகுப்புக்கே அச்சொல்லால் பெயர் அமைந்தது. 'ஜட்ஜ்மெண்ட்' மன்றத்தைக் கைப்பற்றியபின், 'டூம்' கேட்டையும் அழிவையும் குறிக்க எஞ்சியது.

1362இல் மூன்றாம் எட்வர்ட் காலத்துச் சட்டமொன்று, மக்களுக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை என்பதால் வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிடுமாறு விதித்தது. அச்சட்டம் எழுதப்பட்ட மொழியோ பிரெஞ்சு!