விளையாட்டுப் பெட்டியின் ஆயுள்

அசோக் நகரில் உதயம் திரையரங்கு 1983 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதே ஆண்டு ஜூலைத் திங்கள் 15 ஆம் நாள், ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ‘ஃபேமிகாம்’ என்னும் சிறு பெட்டியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. முன்னது ஊரார் கூடிக் கண்டது. பின்னது வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பிள்ளைகள் ஆடியது. ஒருமுறை எழுப்பிய அத்திரையரங்கம் நாற்பதாண்டுக் காலம் உழைத்தது. அதனை அகற்றிவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்பப்போகும் செய்தி 2024 இல் வந்தது. அந்த நாற்பதாண்டுகளுக்குள் நின்டெண்டோ தன் வீட்டுப் பெட்டியை ஏழு தலைமுறைகளாக மாற்றிவிட்டது. எட்டாவது 2025 ஜூன் 5 ஆம் நாள் வெளிவந்தது.

இத்தகைய பெட்டி ஒன்றின் ஆயுள் எத்தனை ஆண்டாயிருத்தல் தகும்? எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை புதியதைச் செய்து பழையதை ஓய்வுபெறச் செய்வது நியாயம்? பிள்ளைகளின் பேச்சு என இதனை ஒதுக்கிவிட வேண்டா. நடுத்தரக் குடும்பம் ஒன்றின் ஒரு மாத ஊதியத்தை விழுங்கும் பொருள் இது. விளையாட்டுக்கு மார்க்கம் வகுத்த வரம்பு யாது என்பது தனியான விவாதம். சதுரங்கத்தைப் பற்றியே ஃபிக்ஹு நூல்கள் பலபடப் பேசுகின்றன. அதை உலமாக்களிடம் விட்டுவிட்டு, ஈண்டு வரலாற்றையும் வணிக நேர்மையையும் மட்டும் நோக்குவோம்.

சதுரங்கத்தைச் சொன்னோம். இந்தியாவிலிருந்து பாரசீகம் வழியாக அரபு நாடு சென்று ‘ஷத்ரஞ்ச்’ எனப் பெயர் பெற்ற அவ்வாட்டம், அப்பாஸிய கலீஃபாக்களின் அவையில் அஸ்-ஸூலீ போன்ற வல்லுநர்களைக் கண்டது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் அமைச்சனை அரசியாக்கி அதன் நடையை விரிக்கும் வரை, அதன் விதிகள் பெரிதும் மாறவில்லை. எனவே பக்தாதில் ஒருவன் பாட்டனிடம் பெற்ற பலகையைப் பேரனுக்குக் கொடுக்க முடிந்தது. மின்பொறியிடம் இதனை எதிர்பார்த்தல் நியாயமன்று. எனினும் ஆயிரம் ஆண்டுக்கும் ஓராண்டுக்கும் இடையில் ஏதோ ஓர் அளவு இருக்கத்தானே வேண்டும்!

தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் முதற்பெட்டி 1972 இல் அமெரிக்காவில் மேக்னவாக்ஸ் நிறுவனத்தால் விற்கப்பட்டது. 1977 இல் அட்டாரியின் பெட்டி வந்தது. கேசட்டை மாற்றினால் ஆட்டம் மாறும் முறையை நிலைநிறுத்திய பெட்டி அது. அதன் புகழ் எத்துணை என்றால், அரபு மக்களின் பேச்சில் ‘அத்தாரி’ என்பது எந்த விளையாட்டுப் பெட்டிக்கும் பொதுப் பெயராகிவிட்டது. எந்த நிறுவனத்துப் பெட்டியை வாங்கினாலும் அது அத்தாரிதான். மொழி நூலார் சுவைக்கத்தக்க செய்தி இது. 1983 இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. அளவுக்கு மீறிய பெட்டிகளும், தரமற்ற கேசட்டுகளும் கடைகளில் குவிந்ததே அதற்குக் காரணம்.

இவ்வணிகத்தின் இயல்பொன்றை அறிந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும். பெட்டியில் ஆதாயம் குறைவு. சிலவேளை நட்டத்திற்கே விற்பர். ஆட்டங்களின் விற்பனையிலும், பிறர் செய்யும் ஆட்டங்களுக்குப் பெறும் உரிமைத் தொகையிலும்தான் வருவாய். பெட்டி பழகப் பழக அதனுள்ளிருக்கும் சில்லுகளின் அடக்கவிலை இறங்கும். ஆட்டம் எழுதுவோரும் முதலிரண்டு ஆண்டுகளில் அப்பொறியின் போக்கை அறியவே பாடுபடுவர். சிறந்த ஆட்டங்கள் பின்னரே வரும். ஆதலின் நீண்ட ஆயுள், செய்பவனுக்கும் வாங்குபவனுக்கும் ஒருங்கே நன்மை. இதற்கு மறுபுறமும் உண்டு. நின்டெண்டோ தன் அடுத்த பெட்டியை 1990 வரை தாமதித்தது. அந்த இடைவெளியில், 1988 இல் ‘மெகா டிரைவ்’ என்னும் வலிய பெட்டியைக் கொணர்ந்த சேகா நிறுவனம், அமெரிக்கச் சந்தையின் பெரும்பகுதியைக் கைப்பற்றிக்கொண்டது. மிகத் தாமதிப்பவன் இழப்பான் என்பதும் உண்மையே.

ஆனால் அந்த சேகாவே விரைவினால் வீழ்ந்தது. 1991 இல் மெகா டிரைவோடு இணைக்கும் குறுந்தட்டுக் கருவி ஒன்று. 1994 நவம்பர் 21 இல் அதே பெட்டியின் மேல் செருகும் ‘32எக்ஸ்’ என்னும் துணைக்கருவி அமெரிக்காவில். மறுநாள், நவம்பர் 22 இல், இவை இரண்டையும் பயனற்றவையாக்கும் ‘சாட்டர்ன்’ என்னும் புதிய பெட்டி ஜப்பானில்! ஒரு நாள் இடைவெளி. அமெரிக்காவில் சாட்டர்ன் செப்டம்பரில் வரும் என அறிவித்திருந்த நிறுவனம், 1995 மே 11 அன்றே அது கடைக்கு வந்துவிட்டது எனத் திடீரென முழங்கிற்று. முன்னறிவிப்புப் பெறாத கடைக்காரர் சினந்தனர். ஆட்டம் எழுதுவோரின் கையில் முடிவுற்ற ஆட்டங்கள் இல்லை. 1998 இல் மீண்டும் ஒரு புதுப்பெட்டி. 2001 ஜனவரி 31 இல், பெட்டி செய்வதையே கைவிடுவதாக சேகா அறிவித்தது.

நம் நாடு இக்கதையில் எங்கே நின்றது? 80 விழுக்காட்டு இறக்குமதி வரியைக் கடக்கும் பொருட்டு, சேகா நிறுவனம் ஷா வாலஸ் என்னும் இந்திய நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, 1995 ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் மெகா டிரைவை இங்கே விற்க முற்பட்டது. விலை 18,000 ரூபாய். மாதங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்! அமெரிக்காவில் சாட்டர்ன் வெளியான அதே பருவத்தில்தான், அது விரட்டிய பழைய பெட்டி இந்தியனுக்குப் புதுப்பொருளாக நீட்டப்பட்டது. அந்நாளில் 18,000 ரூபாய் என்பது பலருக்குப் பல மாத ஊதியம்.

இதனை ஃபிக்ஹின் கண்கொண்டு நோக்கினால் என்ன? விற்கும் பொருளில் குறையிருந்து அதை மறைத்தால், வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமை உண்டு; இதனை ‘கியாருல் ஐப்’ என்பர். ஆனால் புதுப்பெட்டி வரப்போவது பழைய பெட்டியின் உடலிலுள்ள குறையன்று. அது பழுதின்றி ஆடவே செய்யும். எனவே இச்சட்டம் இங்கே நேராகப் பொருந்தாது. ‘தலக்கிர் ருக்பான்’ என்னும் இயல்தான் அண்மையில் வருகிறது. சரக்கேற்றி வரும் வணிகக் கூட்டத்தாரை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு, சந்தை நிலவரம் அவர்கள் அறியுமுன் சரக்கை வாங்கிக்கொள்வது தடுக்கப்பட்டுள்ளது. அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தால், விற்பனையை முறிக்கும் உரிமை அவருக்குண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. அங்கே அறியாதவன் விற்பவன். இங்கே அறியாதவன் வாங்குபவன். வேற்றுமை இருப்பதால் கியாஸ் முற்றாகப் பொருந்திவிட்டதென நாம் வாதிடவில்லை. ஆயினும் ஒருவன் அறிந்ததை மற்றவன் அறியாதிருப்பதை முதலாக்கிப் பொருளீட்டும் செயல் இரண்டிலும் ஒன்றே. நவம்பர் 21 இல் 32எக்ஸை விற்றவருக்கு நவம்பர் 22 தெரியும்.

விரைவான மாற்றத்தால் நட்டப்படுவது பணப்பை மட்டும்தான் என்று எண்ணுவோர் குவைத்தின் வரலாற்றை அறிதல் வேண்டும். 1983 இல் ஜப்பானில் ‘எம்எஸ்எக்ஸ்’ என்னும் பொதுத்தரம் வகுக்கப்பட்டது. பல நிறுவனங்கள் தனித்தனிப் பெட்டிகள் செய்யினும், ஒன்றின் கேசட் மற்றதிலும் ஓடும். 1985 இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பெட்டியில் முதல் தலைமுறையின் ஆட்டங்களும் ஓடின. இந்த நிலைத்த தரத்தைப் பற்றிக்கொண்டு, குவைத்தின் முஹம்மத் அஷ்-ஷாரிக் என்னும் பெருமகனார் ‘ஸக்ர்’ என்ற பெயரில் அரபுக் கணினியைச் செய்வித்தார். அரபு எழுத்தைப் பொறிக்குள் அமர்த்துவது எளிதன்று. வலமிருந்து இடம் செல்லும். ஓரெழுத்தே சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வடிவம் மாறும். இவற்றையெல்லாம் பொறிக்குக் கற்பிக்க ஆண்டுகள் வேண்டும். அடித்தளம் நிலைத்திருந்ததால் அவர்களால் கற்பிக்க முடிந்தது. அரபுப் பிள்ளைகள் தம் மொழியில் ஆடினர், கணக்குப் படித்தனர். குர்ஆனைக் கணினியில் தேடிப் படிக்கும் வசதியும் அந்நிறுவனத்தின் உழைப்பால் பிறந்தது. பின்னாளில் ‘ஏஎக்ஸ்-990’ என்னும் ஸக்ர் பெட்டி ஒன்றினுள்ளேயே மெகா டிரைவும் அடங்கியிருந்தது. 1990 ஆகஸ்டில் ஈராக்கியப் படை குவைத்தில் புகுந்தது. நிறுவனம் எகிப்துக்கு இடம்பெயர்ந்தது. ஷாரிக் அவர்களுக்கு 2021 இல் இஸ்லாமியச் சேவைக்கான மன்னர் ஃபைசல் பரிசு வழங்கப்பட்டது. 2024 இல் அவர் வஃபாத்தானார்.

பெரிய மொழிகள் புதுப்பெட்டி வந்த அன்றே அதில் ஏறிக்கொள்கின்றன. பிந்தி வரும் மொழிகளும் ஏழை நாடுகளும் ஏறுவதற்குள் வண்டி புறப்பட்டுவிடுகிறது. தமிழராகிய நாம் இதனை நன்கறிவோம்.

சென்னைப் பிள்ளைகள் இச்சிக்கலுக்குத் தாமே ஒரு வழி கண்டிருந்தனர். சஃபர் சென்று மீண்டோர் கொணர்ந்தவை போக, பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் ஃபேமிகாமின் போலிப் பெட்டிகள் மலிந்திருந்தன. பல்லாயிரம் ஆட்டம் என்று மேலே எழுதிய கேசட்டில் உள்ளபடி இருப்பவை சிலவே. போலியை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் 1983 இன் பொறி, இரண்டாயிரமாண்டு கடந்த பின்னும் நம் தெருக்களில் ஆடிக்கொண்டிருந்தது. ஜப்பானிலேயே நின்டெண்டோ அதன் உற்பத்தியை 2003 வரை நிறுத்தவில்லை.

நேர்மையான நீண்ட ஆயுளுக்கு எடுத்துக்காட்டு சோனியின் ‘பிளேஸ்டேஷன் 2’. 2000 மார்ச் 4 இல் பிறந்தது. முந்தைய பெட்டியின் ஆட்டங்களையும் ஏற்றது. 2006 இல் அதன் அடுத்த தலைமுறை பிறந்து, 2007 ஏப்ரலில் 39,990 ரூபாய் விலையில் இந்தியாவுக்கு வந்தபோதும், பழையதை அவர்கள் கைவிடவில்லை. 2009 இல், அதாவது ஒன்பதாண்டு கழித்து, அனுமனைப் பற்றிய ஆட்டமும், நம் நாட்டு விளையாட்டுகளின் தொகுப்பான ‘தேசி அட்டா’வும் இந்திய நிறுவனங்களால் அப்பெட்டிக்கென ஆக்கப்பட்டு வெளிவந்தன. ஐந்தாண்டில் அதை மூடியிருந்தால் இவை பிறந்திரா. 15 கோடிக்கு மேல் விற்ற பின்னர், 2013 தொடக்கத்தில்தான் அதன் உற்பத்தி நின்றது.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஒரு தலைமுறைக்கு ஏழாண்டுக்குக் குறையாத ஆயுள் வேண்டும் என்பதும், பழைய ஆட்டங்களைப் புதிய பெட்டி ஏற்க வேண்டும் என்பதும், புதியது வரும் நாளை ஓராண்டு முன்னரே வெளிப்படச் சொல்ல வேண்டும் என்பதும் நம் கருத்து. 2016 முதல் தலைமுறையின் நடுவிலேயே ‘புரோ’ என்று வலிமை கூட்டிய பெட்டியை விற்கும் வழக்கம் வந்துள்ளது. பழைய பெட்டியிலும் அதே ஆட்டங்கள் ஓடுவதால் இதனை ஏமாற்று என்று சொல்லோம். எனினும் பிள்ளைகளின் மனத்தில் ஆசையைக் கிளறுவதில் அதற்கு இணையில்லை. பிளேஸ்டேஷன் 5, உலகில் 2020 நவம்பரிலும் இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 இலும் வந்தது. விலை 49,990 ரூபாய். ஆண்டு செல்லச் செல்ல விலை இறங்கும் என்ற பழைய முறை மாறி, 2022 நவம்பரில் அது 54,990 ஆக ஏறிற்று. அதன் ‘புரோ’ 2024 நவம்பரில் பிற நாடுகளில் வெளியானபோது இந்தியாவுக்கு வரவில்லை. அதிலிருந்த புதுவகைக் கம்பியில்லாத் தொடர்பு பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதியில்லை. பல வீடுகளில் பெற்றோருக்கு அவ்வாண்டு ஒரு செலவு மிச்சமாயிற்று.