ஏம்பலம் கோயிலின் இரண்டாம் கதவு: உலகக் கொள்கைக்குப் போன கணினியும் விடுபட்ட உடன்பாடும்

புதுச்சேரிப் பகுதியின் ஏம்பலத்தில் கணினி சாதித்தடையை உடைத்தது என்ற கருத்து, ஊரக வளர்ச்சியில் தகவல் தொழில்நுட்பத்தின் பங்கை ஆராயும் எழுத்துகளில் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியோடு, வில்லியனூரை நடுவமாகக் கொண்டு 1998இல் தொடங்கிய தகவல் கிராம ஆய்வுத் திட்டத்தைப் பற்றிய மதிப்பீடுகள் பலவும் இக்கருத்தை அடியொற்றியே எழுகின்றன. இதற்குக் காட்டப்படும் முதன்மைச் சான்றை நிதானமாகப் படித்தால், அது இக்கருத்துக்கு இடம் தரவில்லை என்பதே என் வாதம்.

அச்சான்று, 2000 மே 28 அன்று நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட ஒரு செய்திக் கட்டுரை. வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடைப்பட்ட ஏம்பலத்தில் நூற்றாண்டுப் பழமையான கோயில் ஒன்றுக்கு இரண்டு கதவுகள் இருப்பதாக அது தொடங்குகிறது. முதல் கதவுக்குப் பின்னே வழிபாடு. தாழ்த்தப்பட்டோரும் மாதவிலக்கான பெண்களும் அதைத் தாண்டக் கூடாது. இரண்டாவதற்குப் பின்னே கணினி அறை. அங்கே யாரும் போகலாம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இரண்டாம் கதவையே திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினர். முதல் கதவைப் பழமையின் எச்சம் என்று ஒரு வரியில் கடந்துவிட்டனர்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே வளாகம், ஒரே ஊர், ஒரே காலம். கணினிக்குச் சாதியைக் கரைக்கும் ஆற்றல் இயல்பாகவே இருந்திருந்தால், அந்த ஆற்றல் ஒரு சுவரோடு ஏன் நின்றது? கணினி புதுப் பொருள், அதற்கு முன்வழக்கு இல்லை, எனவே தீட்டும் இல்லை என்று விடை சொல்லப்படுகிறது. இது போதாது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஊருக்குள் வந்த தொலைக்காட்சியும் புதுப் பொருள்தான். ஆனால் யார் வீட்டுத் திண்ணைவரை யார் வந்து பார்க்கலாம் என்பதைப் பழைய வழக்கமே முடிவு செய்தது. புதுமை மட்டும் எந்தக் கதவையும் திறப்பதில்லை.

கதவைத் திறந்தது கணினி வருமுன் ஊரோடு செய்துகொண்ட உடன்பாடு. ஊர் வாடகையில்லாமல் இடம் தர வேண்டும். மின் கட்டணத்தை ஏற்க வேண்டும். தன்னார்வலர்களைத் தானே தர வேண்டும். சாதி, பால் வேறுபாடின்றி எல்லோரையும் உள்ளே விட வேண்டும். இவற்றை ஏற்ற பிறகே கருவிகளும் பயிற்சியும் வந்தன. அதாவது, இரண்டாம் கதவின் திறப்பு திட்டத்தின் விளைவு அன்று, திட்டம் ஊருக்குள் வருவதற்கான முன்நிபந்தனை. முதல் கதவைப் பற்றி அப்படியொரு பேச்சு நடக்கவில்லை. அது மூடியே இருந்தது.

அதே செய்தியில் வரும் ஒரு பசுவின் கதையும் இதையே சொல்கிறது. கன்று ஈன முடியாமல் ஐந்து நாள் தவித்த அந்தப் பசுவின் பால்தான் ஒரு குடும்பத்துக்கு முக்கிய வருமானம். சம்பளம் வாங்காமல் மையத்தை நடத்திய ஓர் இளம்பெண், கணினியிலிருந்து வட்டாரக் கால்நடை மருத்துவர்களின் பட்டியலை எடுத்தார். அன்றிரவே மருத்துவர் வந்து கன்றை வெளியே எடுத்தார். பசுவைக் காத்தது எங்கோ இருந்து வந்த செய்தியில்லை. சுற்றுவட்டாரத்திலேயே இருந்த விவரத்தை யாரோ திரட்டி, தமிழில் பதிந்து, யார் கேட்டாலும் தரக்கூடிய இடத்தில் வைத்திருந்தார்கள். திட்டத்தில் இருந்த மீனவ ஊரான வீராம்பட்டினத்துக்கு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பு வந்தது உண்மை. அதுவும் மீனவர் காதுக்கு எட்டியது ஊர்ப் பொது ஒலிபெருக்கி வழியாகத்தான்.

ஒரு நாளிதழ்ச் செய்தியை இவ்வளவு நம்பலாமா என்று கேட்கலாம். எதிர்த்தரப்பும் நம்பியது இதே செய்தியைத்தான் என்பதே என் மறுமொழி. இரண்டாம் கதவு சாதியை ஒழித்துவிட்டது என்று நான் சொல்லவும் இல்லை. ஓர் அறை பொதுவானது என்பதற்கு மேல் இச்சான்று தாங்காது. இப்படி உடன்பாடு காண இந்தியாவின் ஆறு லட்சம் ஊர்களோடு உட்கார்ந்து பேச முடியுமா என்ற ஆட்சேபம் நிர்வாகச் சோம்பலையே காட்டுகிறது. வாக்காளர் பட்டியலுக்காக ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் நாடு இது.

இந்தத் தவறான வாசிப்பு ஏட்டோடு நிற்கவில்லை. திட்டம் 2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது பெற்றது. ‘ஒவ்வொரு ஊரிலும் ஓர் அறிவு மையம்’ என்ற இயக்கம் இதன் வழியில் எழுந்தது. 2005-06 மத்திய நிதிநிலை அறிக்கை அதற்கு நபார்டு வழியாக 100 கோடி ரூபாய் அறிவித்தது. 2006இல் ஒரு லட்சம் பொதுச் சேவை மையங்களுக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தபோது கணினி இருந்தது, இணைப்பு இருந்தது. ஊரோடு உடன்பாடு இல்லை. மையத்தை நடத்துபவர் கட்டணத்தில் பிழைக்கும் தொழில்முனைவோர். அவர் யாரையும் விரட்டுவார் என்று சொல்லவில்லை. எல்லோரையும் உள்ளே விடும் பொறுப்பை ஊர் ஏற்கவில்லை என்கிறேன்.

நீர்மேலாண்மையிலும் இதே பாடம் பக்கத்திலேயே கிடைக்கிறது. பாகூர் ஏரி உள்ளிட்ட புதுச்சேரி ஏரிகளை ஐரோப்பிய ஒன்றிய நிதியில் சீரமைத்த திட்டம், ஏரிச் சங்கங்களை அமைத்து அவற்றின் வழியே வேலை செய்தது. தூர்வாரிய மண்ணைக் கன மீட்டரில் கணக்கிடலாம். மதகை யார் எப்போது திறப்பது என்ற முடிவு அந்தக் கணக்கில் அடங்காது. ஏரி நிலைப்பது அம்முடிவால்தான்.

ஆய்வு நிறுவனம் ஒன்று உலகக் கொள்கைக்கு என்ன கொடுத்தது என்று மதிப்பிடுவோர் விருதுகளையும் மையங்களின் எண்ணிக்கையையும் அடுக்குகிறார்கள். வில்லியனூர்த் திட்டத்தின் மெய்யான கண்டுபிடிப்பு ஒரு நடைமுறை விதி: பொதுப் பணத்தில் வரும் எந்தக் கருவியும், எல்லோருக்கும் உரியது என்று ஊர் ஒப்புக்கொண்ட பிறகே ஊருக்குள் வர வேண்டும். உலகம் இன்னும் எடுத்துக்கொள்ளாத பகுதி இது. ஊரக மின்னணுத் திட்டம் எதையும் இனி மதிப்பிடும்போது, முதலில் கேட்டுப் பெற வேண்டிய ஆவணம் அந்த ஒப்புதல்தான்.