முன்னோர் உழைத்த மண்

அமாவாசை தோறும் ஆற்றங்கரையில் பிண்டம் வைக்கிறார்கள். கடன் வாங்கியேனும் காசிக்குச் செல்கிறார்கள். மூன்று தலைமுறையின் பெயரைக் கேட்கும் புரோகிதர், அவர்கள் செய்த தொழிலைக் கேட்பதில்லை. நாம் அதைத்தான் கேட்கிறோம்: எங்கே உழைத்தார்கள்? என்ன பெற்றார்கள்?

பழைய வட ஆர்க்காட்டு மாவட்டக் குடும்பங்கள் பலவற்றுக்கு விடை கோலார் தங்கவயலில் கிடைக்கும். 1880-இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலக் கம்பெனி அங்கே கால் வைத்தது. சேரியென ஒதுக்கப்பட்ட, காணி நிலமும் இல்லாத மக்கள் சாரை சாரையாகப் போயினர். ஊர்க் கிணற்றைத் தொடக்கூடாதென்று தடுக்கப்பட்ட கை, பாறையைப் பிளந்து பொன்னைத் தொட்டது! சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் ஆழமானது. உள்ளே கொதிக்கும் வெப்பம். திடீரென வெடித்துச் சிதறும் பாறை. நுரையீரலை அரிக்கும் கல்தூசி. 120 ஆண்டுகளில் வெளிவந்த தங்கம் 800 டன்னுக்கு மேல். தோண்டியவன் மனைவியின் கழுத்தில் மஞ்சள் கயிறு!

1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, முதலில் எந்திரங்களுக்காக. தொழிலாளிக்கோ தட்டிக் குடிசை. ஆயினும் அவன் அடங்கிக் கிடக்கவில்லை. குற்றவாளியைப்போல் கைரேகை பதிக்கச் சொன்னபோது, 1930-இல் வேலைநிறுத்தம் செய்தான். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டான். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், 1920-களில் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. பகுத்தறிவை நமக்கு எவரோ இரவல் தந்தார் என்பார்க்கு இதுவே விடை.

முன்னோர் செய்தனவெல்லாம் சரியென்று கும்பிடச் சொல்கிறோமா? இல்லை. மூட்டையோடு சாதியையும் சுமந்து சென்றோர் அவர்களுள் உண்டு. அதையும் அறிந்து வரவே போகச் சொல்கிறோம். வணக்கத்துக்கு விளக்கம் வேண்டாம், வரலாற்றுக்கு வேண்டும்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. கூண்டு இறக்கிய இரும்புக் கோபுரங்கள் துருவேறி நிற்கின்றன. சயனைடு கலந்த கழிவு மண் குன்றுகளாய்க் குவிந்து கிடக்கிறது. தோண்டியவரின் பேரப்பிள்ளைகள் பலர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி தேடிப் போகின்றனர்.

தோழர்களே! திதிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பயணச்சீட்டு வாங்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். எஞ்சியுள்ள முதியவரிடம் கேளுங்கள்: என்ன கூலி, எத்தனை மணி வேலை, யார் மாண்டனர், குடும்பத்துக்கு என்ன கொடுத்தனர்? கேட்டதை எழுதி வையுங்கள். எள்ளும் தண்ணீரும் ஆற்றோடு போகும். எழுதியது அடுத்த தலைமுறை உரிமை கேட்கும் நாளில் சான்றாக நிற்கும்.